பதினேழாம் நம்பர் டாக்சி

மாப்ளே,

இன்று காலை படகுத்துறை ஜெட்டி ஸ்டாண்டில் உன் நம்பரைப் பார்த்தேன். பதினேழு. புதிதாக வந்த ஒருவன் அந்தப் பித்தளை வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றான். நம் டாக்சிகளின் சீன முதலாளி, தவுக்கே, கொடுத்தாராம். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அதைப் பிடுங்கிக் கடலில் எறிய என் கை துடித்தது.

துரை வீட்டு மோட்டார் ஓட்டும் வேலையை நீ விட்டு வந்தபோது எல்லாரும் உன்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, தவுக்கேயின் டாக்சியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று நானும்தான் கேட்டேன். "அங்க கதவைத் திறந்து பிடிச்சிக்கிட்டு நிக்கணும்டா. இங்க யாரை ஏத்துறதுன்னு நான் முடிவு பண்ணுவேன்" என்றாய். ரப்பர் விலை விழுந்து, ஆளே ஏறாமல் நாள் முழுக்க வெயிலில் காய்ந்தபோதும் நீ அந்தப் பேச்சை மாற்றவில்லை.

பிறகு அந்த மழை நாள். அக்கரையிலிருந்து படகில் வந்த தோட்டத்து ஆள் ஒருவன், பிரசவ வலியில் துடித்த மனைவியை உன் வண்டியில் ஏற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்டாண்டில் நம் இரண்டு வண்டிகள்தான் இருந்தன. என்னுடையதில் டயரைக் கழற்றிப் போட்டிருந்தேன். அப்போதுதான் வேறொரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தான். குடித்திருந்தான். அவளை இறக்கிவிட்டுத் தன்னை ஹோட்டலுக்குக் கொண்டுபோகச் சொன்னான்.

நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவங்க ஏறிட்டாங்க துவான். இறக்க முடியாது" என்று மலாயில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாய். கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றவன் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தான். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் அவன் தவுக்கேயிடம் போய், நீ அவனைப் பிடித்துத் தள்ளியதாகச் சொன்னான். அவன் தோட்டத்துக்கு வருகிறவர்களெல்லாம் தவுக்கேயின் வண்டிகளில்தான் போவார்கள். தவுக்கே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நீ பக்கத்தில்தான் நின்றாய். குனிந்து டயர் மாட்டிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். அங்கேயே உன் வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வேறு எந்தத் தவுக்கேயும் உனக்கு வண்டி தரவில்லை.

நீ என்னை அடித்திருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருக்க வேண்டும். "உனக்கு மூணு பிள்ளைங்கடா. எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். உன்னை யார் அப்படிப் பேசச் சொன்னது? அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உன்மேல் ஆத்திரம் பொங்குகிறது. பத்து காவான் என்ற ஊரில் இன்னொரு துரையிடம் ரப்பர் பால் லோரி ஓட்டப் போனாய். ஒரே மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து ஒரு படகுக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ஸ்டாண்டை விட்டுப் போன இரண்டாம் மாதம் அந்தத் தோட்டத்து ஆள் ஸ்டாண்டுக்கு வந்தான். பெண் குழந்தையாம். தாயும் பிள்ளையும் சுகமாம். உனக்காக ஒரு தார் வாழைப்பழம் சுமந்து வந்திருந்தான். நீ இப்போது இங்கே இல்லை என்றேன். ஏன் என்று கேட்டான். வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். தாரை என் வண்டியில் வைத்து, "நீங்களாவது சாப்பிடுங்கண்ணே" என்று கும்பிட்டான். வாங்கிக்கொண்டேன். என் பிள்ளைகள் தின்றார்கள்.

டாக்சி ஓட்டுவது இன்னும் பிழைப்புதானா என்று என்னிடம் கேட்கிறார்கள். சோறு போடுகிறது என்கிறேன், அது உண்மைதான். அந்தச் சோற்றுக்காக நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்பதில்லை. தவுக்கேயிடம் சொல்ல வேண்டியதை, அந்த ஆளிடமாவது சொல்லியிருக்க வேண்டியதை, கேட்க நீ இல்லாத இந்த நாளில் எழுதுகிறேன்.

நான் பார்த்தேன் மாப்ளே. எல்லாவற்றையும் பார்த்தேன்.