ஒன்பது வயது ரத்தம்

9-10-1974
இன்றைக்கு லேபில் பதினான்கு ரத்தம். கடைசி, மொரப்பூர் பக்கத்துச் செல்லியுடையது. ஒன்பது வயது. இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடக்கின்றன. விடிந்து ஒரு மணி நேரம் எழவே முடியாதாம்.

மூட்டுவாதத்துக்கான லேடெக்ஸ் டெஸ்ட் செய்தேன். கண்ணாடித் தகட்டில் ரத்தநீரோடு வெள்ளை மருந்துச் சொட்டைக் கலக்க வேண்டும். நோய் இருந்தால் பால்போலத் திரியும் என்று படித்தோம். திரியவில்லை. "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

சபேசன் டாக்டர் சீட்டைத்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போ."

அவள் அப்பா முனிராஜ் கிளினிக் வாசலிலேயே முதுகில் ஒன்று வைத்தார். "கடலைக்காய் பறிக்கச் சொன்னா கால் நோவுதா உனக்கு? சீட்டுலயே இல்லைன்னுட்டாங்க."

அந்தச் சீட்டை எழுதியது என் கை.

10-10
திரியாத ரத்தத்துக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

15-10
பழைய ரிஜிஸ்தரைப் புரட்டினேன். வயது என்று ஒரு பத்தி இருக்கிறது. நிரப்புகிறோம், யாரும் படிப்பதில்லை. மூட்டு வீங்கி வந்த குழந்தைகள் ஐந்து பேர் — ஐவருக்கும் "இல்லை". பெரியவர்களில் பாதிக்கு மேல் திரிந்திருக்கிறது.

காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வந்த, அறுபது தாண்டியவர்களின் மீதி ரத்தத்தையும் கலந்து பார்த்தேன். பன்னிரண்டில் மூன்று திரிந்தது. அந்த மூவருக்கும் மூட்டில் ஒரு நோவும் இல்லை.

18-10
டாக்டரிடம் சொன்னேன். "ஏம்மா வஹிதா, நீ டெஸ்ட் பண்ண வந்தியா, வைத்தியம் பண்ண வந்தியா?"

கலெக்டர் வீட்டுப் பிள்ளையென்றால் காலைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லியும் விட்டேன். வேலை போகுமா? போகட்டும்.

19-10
போகவில்லை. டாக்டரின் அப்பா சர்க்கரை பார்க்க வந்தார். எழுபத்தாறு வயது, தினமும் பென்னாகரம் ரோட்டில் நாலு மைல் நடக்கிறவர். அவருடைய மீதி ரத்தத்தை மகன் கண்ணெதிரிலேயே கலந்தேன். நன்றாகத் திரிந்தது.

"அப்பாவை நாளையிலிருந்து நடக்க வேணாம்னு சொல்லிடலாங்களா, சார்?"

டாக்டர் கண்ணாடித் தகட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணு எந்த ஊருன்னே?"

21-10
பஸ் பிடித்துப் போனேன். கடலைக்காட்டில் செல்லி உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானேங்க இல்லைன்னு எழுதுனீங்க?" என்றார் முனிராஜ்.

"ஆமாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு அந்த டெஸ்டுல முக்காவாசி தெரியறதில்லைங்க. எனக்கே இப்பத்தான் புரியுது. அவ நோவு நிசம்."

அவர் கையிலிருந்த செடியைக் கீழே போட்டார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

2-12
செல்லிக்கு ஆஸ்பிரின், சாப்பாட்டுக்குப் பிறகு. விடிகாலை இறுக்கம் இப்போது கால் மணி நேரம்தான் என்கிறாள். டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தே எழுதினார்.

24-1-1975
முனிராஜ் வந்தார். கூட அவர் ஊர்க் குள்ளம்மாள். அவள் இடுப்பில் ஆறு வயது மகள், கணுக்கால் வீங்கி.

"செல்லி எங்கேங்க?"

"பள்ளிக்கூடம் போயிருக்குதுங்க."

ஊசி எடுக்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர் குள்ளம்மாளிடம் சொல்வது கேட்டது: "சீட்டுல இல்லைன்னு வந்தாலும், டாக்டரு காலைத் தொட்டுப் பாக்காம கெளம்பிராதம்மா."