நாற்பது பேருக்கான பானை உள்ள வீட்டுக்கு ஒரு வதிவிடச் சான்று

அனுப்புநர்:
செல்வி கிருஷிகா (வயது 21, தையல் தொழில்),
திரு. நீக்கிலாஸ் அவர்களின் வீடு,
கடற்கரை இரண்டாம் குறுக்கு,
கண்டல்முனைக் குடியிருப்பு,
மன்னார் தீவு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
மன்னார்.

விடயம்: சிறுவர் இல்லத்திலிருந்து வெளியேறிய எங்களுக்கு, நாங்கள் வாழும் வீட்டில் வதிவிடச் சான்றிதழ் கிடைக்காமை பற்றிய புகாரும், இம்மாதம் 27ஆம் திகதிக்கு முன் அதைத் தீர்த்துவைக்குமாறு வேண்டுகோளும்.

மதிப்புக்குரிய ஐயா,

மேலே அனுப்புநர் பகுதியில் எழுதியிருக்கும் முகவரியைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசிக்கவும். அந்த முகவரி எனக்கு உண்டா இல்லையா என்பதே இந்த மனு. இது புகார் மனுதான். ஆனாலும் இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எங்கேயாவது முறை தவறினால் பொறுத்தருளவும். என்னோடு குடியிருக்கும் றெபேக்கா, "சுருக்கமா எழுதடி, பெரிய ஆக்களுக்கு நேரமிராது" என்று தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முயற்சி செய்கிறேன்.

1. நான் ஆறு வயது முதல் சிறுமியர் இல்லம் ஒன்றில் வளர்ந்தவள். இல்லத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினெட்டு முடிந்ததும் விதிப்படி வெளியேறினேன். ஒரு சூட்கேஸ், ஒரு பாய், தையல் சான்றிதழ், எல்லோருமாக நின்று எடுத்த ஒரு படம். பாப்பாமோட்டையில் இருக்கும் பெரியம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டேன். அங்கே இரண்டு அறை, எட்டுப் பேர். மாரி தொடங்கி ஓர் அறை ஒழுகியதும் என் பாயை விரிக்க இடமில்லாமல் போயிற்று. போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்ல அவர்களால் முடியவில்லை.

2. அதன் பிறகு நான் வேலை செய்த தையல் கடையிலேயே, கடை பூட்டியபின், மெஷின்களுக்கு நடுவில் படுத்தேன். முதலாளியம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது. எல்லா பிளக்கையும் கழற்றுகிறவர், மின்விசிறியின் பிளக்கை மட்டும் கழற்றாமல் போவார். வீடில்லாதவர் என்றால் பஸ் நிலையத்தில் படுத்திருப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஐயா. நான் தினமும் குளித்து, தலைவாரி, பொட்டு வைத்து, பின் கதவால் வெளியேறிச் சுற்றி வந்து, முன் கதவால் வேலைக்கு 'வந்துகொண்டிருந்தேன்'. ஒருவரும் என்னை வீடில்லாதவள் என்று கணக்கெடுத்ததில்லை.

3. இனி நல்ல செய்தி. சட்டை தைக்க வந்த மெற்றில்டா அன்ரி, அளவெடுத்த என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "பிள்ளை, நீ இரவில எங்க படுக்கிறனி?" என்று கேட்டார். அப்படி நேராக யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அன்ரியின் தம்பி நீக்கிலாஸ் அவர்கள் குடும்பத்தோடு பிரான்சில் இருக்கிறார். இங்கே அவருடைய வீடு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. உப்புக்காற்றில் யன்னல் கம்பிகள் துருப்பிடித்து, விறாந்தையில் இரண்டு கழுதைகள் நிரந்தரமாகக் குடியேறியிருந்தன. "ஆள் புழங்காத வீடு அழிஞ்சு போகும். நீ வந்து இரு, கூட்டு, விளக்கைப் போடு. அது காணும்" என்று வீட்டுப் பூட்டின் திறப்பைக் கையில் தந்தார். கழுதைகளை வெளியேற்ற மட்டும் ஒரு வாரம் எடுத்தது. அவற்றிடம் வதிவிடச் சான்றிதழ் யாரும் கேட்டிருக்கவில்லை என்பதையும் இங்கே பணிவுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

4. அடுத்த வருடம் றெபேக்கா இல்லத்திலிருந்து வெளியேறியபோது, நான் வாசலிலேயே நின்று நேராக இங்கே கூட்டி வந்தேன். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, ஒரே பஸ்ஸில், இடையில் எங்கும் இறங்காமல்! அவளுக்கு மெஷின்களுக்கு நடுவில் படுப்பது எப்படி என்று தெரியாது. தெரியவே கூடாது.

5. றெபேக்கா இல்லத்தில் சமையற்கட்டுப் பொறுப்பாக இருந்தவள். ஆகவே அவளுக்கு நாற்பது பேருக்குத்தான் சமைக்கத் தெரியும். முதல் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, எங்கள் இருவருக்காக, மெற்றில்டா அன்ரியிடம் இரவல் வாங்கிய பெரிய பானை நிறையச் சோறும், அண்டா நிறையப் பருப்பும் இறக்கி வைத்துவிட்டுத் திகைத்து நின்றாள். "கை தன்பாட்டில போட்டிட்டுது அக்கா" என்றாள். கொட்ட மனம் வரவில்லை. கிண்ணங்களில் போட்டுத் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோனோம். மீன் லொறி ஓட்டும் சாஹுல் ஹமீட் நானா கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது அது நிறைய நெத்தலி போட்டுத் தந்தார். மற்றவர்களும் கிண்ணத்தை வெறுமையாகத் தரவில்லை. அன்றைக்குத்தான் இந்தத் தெரு எங்களுக்குத் தெரியவந்தது. நாங்களும் தெருவுக்குத் தெரியவந்தோம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்த பிறகு வேண்டுமென்றே அந்த அளவில் சமைக்கிறோம்.

6. வந்தது வினை. அனுமதியில்லாமல் சாப்பாட்டுக்கடை நடத்துகிறோம், ஊர் பேர் தெரியாத பெண்கள் வந்து போகிறார்கள் என்று யாரோ பெயர் போடாமல் முறையிட்டிருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பானையைப் பார்த்தார். கதையைக் கேட்டார். இது கடையல்ல என்று எழுதிவிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறியோடு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதோடு அந்த முறைப்பாடு முடிந்தது.

7. ஆனால் கிராம அலுவலரிடம் போன முறைப்பாடு முடியவில்லை. அவர் நல்ல மனிதர். அவர்மேல் இந்த மனுவில் ஒரு சொல்லும் இல்லை. வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் பார்த்தார். ஆயினும் குடும்பத் தலைவர் வெளிநாட்டில், இருப்பவர்கள் உறவினரும் அல்லர், வாடகைக்காரரும் அல்லர். ஆகவே சான்றிதழ் தருவதற்கு எங்களை எந்த வகையில் பதிவது என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் என்ன செய்யிறது பிள்ளையள்? உங்களுக்கெண்டு ஒரு வகை இல்லையே. மேல இருந்து ஒரு வரி எழுதி வந்தால் இண்டைக்கே பதிஞ்சு தாறன்" என்றார். இதற்கு முந்திய பதிவில் நான் இன்னும் பாப்பாமோட்டையில் இருக்கிறேன். பெரியம்மா அங்கே என் பாய் கிடந்த இடத்தில் புதிதாகப் பிறந்த பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கிறார்.

8. எங்கள் இருவருக்காக மட்டும் என்றால் பொறுத்திருப்போம். இம்மாதம் 27ஆம் திகதி ஜெனிஸ்ராவுக்குப் பதினெட்டு வயது முடிகிறது. இல்லத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். இருட்டென்றால் இன்னும் பயப்படுகிறவள். அவளுக்கு அறை தயார். கட்டில் தயார். யன்னல் சீலை நீலமா மஞ்சளா என்று இரண்டு நாள் சண்டை பிடித்து, மஞ்சள் வென்று, தைத்தும் முடித்துவிட்டேன். ஆனால் அவளை இந்த வீட்டுக்கு அனுப்புவதற்கு, இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான நன்னடத்தை உத்தியோகத்தர் வதிவிட உறுதிப்பாடு கேட்கிறார். அது கேட்கவேண்டியதுதான். அது இல்லாவிட்டால் அவள் நறுவிலிக்குளத்தில் இருக்கும் சித்தப்பாவிடம் போகவேண்டும். அவர் எங்களைத் தேடி சைக்கிளில் இங்கே வந்தார். அரைகுறையாகக் கட்டிய வீடு, ஐந்து பிள்ளைகள். "வாறதெண்டால் வரட்டும், அண்ணன்ர பிள்ளைதானே. ஆனா எங்க படுக்கிறதெண்டுதான் எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவரும் எங்கள் பக்கம்தான், ஐயா. இந்த விடயத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒருவருமே இல்லை.

9. இன்னும் ஒன்று, இதை எழுதத்தான் முதல் பந்தியிலிருந்து கை துறுதுறுக்கிறது. எங்கள் வீட்டு விளக்கு எரிகிற படத்தை மெற்றில்டா அன்ரி பிரான்சுக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றி வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரார் எல்லோருக்கும் போய், இன்னும் நான்கு வீட்டுக்காரர்கள் தங்கள் திறப்புகளை அனுப்பியிருக்கிறார்கள்! எங்கள் சமையலறை ஆணியில் இந்த நிமிடம் நான்கு திறப்புகள் தொங்குகின்றன. பூட்டிக் கிடக்கும் வீடுகளும் படுக்க இடமில்லாத பிள்ளைகளும் ஒரே தீவில் இருக்கிறோம். நடுவில் குறைவது ஒரு வகையின் பெயர் மட்டுமே.

ஆகவே தங்களிடம் பணிவாகக் கோருவது:

(அ) உரிமையாளரின் சம்மதத்துடன் வீட்டைப் பராமரித்து அங்கேயே வசிப்பவர்களை 'வீட்டுப் பராமரிப்பாளர்' என்றோ, தங்களுக்குச் சரியெனப்படும் வேறு பெயரிலோ பதியுமாறு கிராம அலுவலருக்கு ஒரு வரி எழுதவேண்டும்.

(ஆ) ஜெனிஸ்ராவின் உறுதிப்பாட்டை 27ஆம் திகதிக்கு முன் கிடைக்கச் செய்யவேண்டும்.

(இ) நான்கு திறப்புகளுக்கும் உரிய வீடுகளைத் தங்கள் உத்தியோகத்தர்கள் வந்து பார்வையிட்டு, இல்லங்களிலிருந்து அடுத்து வெளியேறும் பிள்ளைகளுக்கு, அவர்கள் வெளியேறும் முன்பே ஒழுங்கு செய்யவேண்டும். வெளியேறியபின் தேடினால் எங்களைக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் தலைவாரி, பொட்டு வைத்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்போம்.

பார்வையிட வருவது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. எத்தனை பேர் வந்தாலும் சாப்பாடு போதும். மெற்றில்டா அன்ரி சின்னப் பானை ஒன்று வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார். வாங்குவதாக இல்லை.

கடைசியாக, ஐயா. போன ஞாயிறு சாப்பாடு முடிந்து பின்னேரம் ஜெனிஸ்ராவைப் பார்க்க இல்லத்துக்குப் போயிருந்தோம். அறையைப் பற்றி, மஞ்சள் சீலையைப் பற்றி, விறாந்தைக்கு இன்னும் விட்டுவிட்டு வந்துபோகும் கழுதைகளைப் பற்றி எல்லாம் ஒரே மூச்சில் சொன்னோம். சிரித்துச் சிரித்துக் கேட்டாள். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள்: "அங்க எப்பமட்டும் இருக்கலாம் அக்கா?"

நானும் றெபேக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விரும்பும் மட்டும் இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை, தங்களுக்கு இருக்கிறது. வருகிற ஞாயிறு மறுபடியும் அவளைப் பார்க்கப் போகிறோம்.

தங்கள் பிரிவில் ஏற்கெனவே குடியிருக்கும்,

கிருஷிகா
(ஒப்பம்)

நானும் ஆமோதிக்கிறேன்: றெபேக்கா
(ஒப்பம்)

திகதி: 08.09.2025
இடம்: எங்கள் வீடு, கண்டல்முனைக் குடியிருப்பு