எறும்பு செத்த பால்

ஒலக்கூர், 11 ஜூலை 1938
மகள் பிறந்து பதினோரு நாள். காம்பு வெடித்து ரத்தம் வருகிறது. சப்புகிறாள், நழுவுகிறாள், அழுகிறாள். நானும் அழுகிறேன்.

12 ஜூலை
மாமியார் என் பாலைக் கொட்டாங்கச்சியில் பீய்ச்சி, அதில் ஓர் எறும்பை விட்டார். எறும்பு செத்தது. கெட்ட பாலாம். "இனிமே சவுரியம்மாளே குடுக்கட்டும்" என்று தீர்ப்பு.

சவுரியம்மாள் என் ஓரகத்தி. போன மாதம் அவள் பையன் பிறந்த மூன்றாம் நாளே தவறிவிட்டான். பால் மட்டும் நிற்கவில்லை.

எந்தப் பாலில் விழுந்தாலும் எறும்பு சாகாதா? அவள் பாலில் விட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

15 ஜூலை
சவுரியம்மாள் அக்காவிடம் மடக்மடக்கென்று குடிக்கிறாள். வாயோரம் வழிகிறது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பத்து மாசம் சுமந்தது யாரு, நானா அவளா?

16 ஜூலை
பொறாமைதான். வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போ.

19 ஜூலை
அக்கா சொல்கிறாள்: "அழும்போது பாத்தேன் லூர்து, நாக்கு மேல எழும்பல. எங்கிட்டயும் சப்பறதில்ல, தானா கொட்டறத முழுங்கிக்கினு கெடக்குது. திண்டிவனத்துல நர்ஸம்மாகிட்ட காட்டலாம். ஜல்தி கெளம்பு."

பிள்ளையையும் வாங்கிக்கொண்டாள், இப்போது அதற்கு நொள்ளையும் சொல்கிறாளா? ஆனால் குழந்தையின் கை மெலிந்துதான் இருக்கிறது. போகாமல் எப்படி இருப்பது?

20 ஜூலை
நர்ஸம்மா விரலால் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் மெல்லிய சவ்வு ஒன்று நாக்கைக் கீழே கட்டிப் பிடித்திருந்தது. கத்தரியால் ஒரே வெட்டு. பொட்டு ரத்தம்.

"உம் பாலுக்கு ஒண்ணும் கேடு இல்லம்மா. இப்பவே மார்ல போடு."

குடித்தாள். என்னிடம்! வலிக்கவே இல்லை. எறும்பாம், எறும்பு!

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் எதற்கு அழ வேண்டும்?

28 ஜூலை
"மாரு கட்டிக்கினு நோவுது லூர்து. ஒரு வேளைக்குக் கொழந்தய எங்கிட்ட குடேன்."
தூங்குகிறாள் என்றேன். தூங்கவில்லை.

7 ஆகஸ்ட், ஞாயிறு
விழுப்புரத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், நான் சொல்லியனுப்பியபடி ஒரு பொட்டலம் மல்லிகை வாங்கி வந்தார்.

"தலைக்கா?"

"அக்காவுக்கு. மார்ல வச்சுக் கட்டினா பால் வத்திடும்."

அவர் என்னைப் பார்த்தார்.

அக்கா பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரம் கழித்து, முதுகில் கை எட்டவில்லை என்று வந்து எனக்கு முன்னால் திரும்பி நின்றாள். துணியை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். அப்போது பார்த்துக் குழந்தை வீறிட்டது. பூவையும் துணியையும் மீறி அவள் புடவை நனைந்தது. அடியெடுத்து வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"போ லூர்து. பசிக்குது அதுக்கு."

முடிச்சை அவிழ்த்திருக்கலாம். ஒரு நொடி ஆகியிருக்குமா?

போனேன்.