கண்டக்டர் இல்லாத பஸ்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பூச்சி பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். இந்த முதல் வரியை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு அத்தை வீட்டுக்கு ஓட வேண்டாம். போனில் எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் "வந்துட்டேன்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று அக்காவுக்கு லீவு கிடைக்காது என்பதால் வழியை அவளே எழுதி அனுப்பியிருந்தாள் அல்லவா? விமான நிலையத்துக்கு வெளியே வந்து நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ் ஏற வேண்டும். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கி, எதிரே இருக்கிற பேக்கரியில் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இருக்கிறது அப்பா.

வெளியே வந்ததும் பெட்டிகளோடு ஒரு கூட்டம் ஏதோ பஸ்ஸில் ஏறியது. நானும் ஏறினேன். நம்பரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏறும்போது நான் மட்டும் நின்று பார்த்தால் என்னைத்தானே பார்ப்பார்கள்? அது ஊருக்குள் போகிற பஸ்ஸே இல்லை. விமான நிலையத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஆட்களைக் கொண்டுவிடுகிற இலவச வண்டி. சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு தூணில் குடை பிடித்த பெண்ணின் விளம்பரம் ஒட்டியிருந்தது. முதல் தடவை, அழகாக இருக்கிறாளே என்று நினைத்தேன். அடுத்த தடவை, இதே பெண்ணை எத்தனை இடத்தில்தான் ஒட்டுவார்கள் என்று நினைத்தேன். அதற்கும் அடுத்த தடவைதான் அவள் ஒருத்திதான், சுற்றுவது நான் என்று புரிந்தது.

ஒரு வழியாக நாற்பத்தொன்றைப் பிடித்தேன். காசைக் கையில் வைத்துக்கொண்டு நடுவாசலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டருக்காகக் காத்திருந்தேன். காசு வியர்வையில் நனைந்ததுதான் மிச்சம். இங்கே பஸ்ஸில் கண்டக்டரே கிடையாதாம்! முன்பக்கமாக ஏறி டிரைவர் பக்கத்தில் உள்ள பெட்டியில் போட வேண்டுமாம். கண்டக்டர் மகள் வெளிநாட்டில் செய்த முதல் பஸ் பயணமே டிக்கெட் இல்லாமல். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வந்தது. பேக்கரியும் தெரிந்தது. இறங்குவதற்குக் கம்பியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மற்றவர்கள் அழுத்தியதைப் பார்த்திருந்தேன். ஆனால் அங்கே இறங்க வேறு யாரும் இல்லை. என் ஒருத்திக்காக அவ்வளவு பெரிய பஸ்ஸை நிறுத்தச் சொல்வதா? கை பொத்தான் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. பேக்கரியும் பின்னால் போய்விட்டது. அடுத்து யாராவது அழுத்தினால் கூடவே இறங்கலாம் என்று இருந்தேன். ஒருவர் அழுத்தினார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு எழுவதற்குள் கதவு மூடிவிட்டது. கடைசியில் பஸ் டிப்போவுக்குள் போய் நின்றது. உள்ளே நானும் டிரைவரும்தான்.

டிரைவர் பெரிய மீசைக்காரர். என்னவோ கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. அக்காவின் போட்டோவை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். வண்டியிலிருந்த வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார். உடனே அதற்குள்ளிருந்து அக்கா குரல்!

"ஏய் பூச்சி! அழாதடி. அங்கேயே இரு. நகர்ந்தே, கொன்னுடுவேன். நான் வண்டியோட வரேன்."

எந்த வண்டி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் டிப்போ வாசலில் ஒரு பஸ் திரும்பியது. திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நீளம். இரண்டு பஸ்ஸை நடுவில் ஆர்மோனியப் பெட்டி மாதிரி மடிப்பு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது நம் அக்கா.

அப்பா, அவள் ஆபீஸில் வேலை செய்யவில்லை. பஸ் ஓட்டுகிறாள். உங்களுக்குப் பயந்துதான் ஆபீஸ் என்று சொல்லியிருக்கிறாள். வந்த புதிதில் இந்த டிப்போவில் பஸ் கழுவினாளாம். கழுவிய வண்டிகளை ஓரமாக நகர்த்திவிடப் பழகி, பிறகு படித்துப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். இதை உங்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. தபால் போய்ச் சேர்ற வரைக்குமாவது நிம்மதியா இருந்துக்கறேன்" என்றாள்.

நீங்கள் சொல்லி அனுப்பியதை இன்னும் கேட்கவில்லை. கேட்கிறேன்.

உங்கள்
பூச்சி

*

ஜூன் 18

பூச்சிக்கு அப்பா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கண்ணாடி இல்லாமல் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று சந்தேகம்.

உனக்குப் பூச்சி என்று பேர் வந்ததே வாயில்லாப்பூச்சி என்பதால்தான். அது தெரிந்தும் உன்னை அழைத்துப் போக வராமல் பெரியவளுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே படித்தால், வேலை இதுவாம். நான் முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றது என் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றுதான். அவளும் உட்கார்ந்துதானே ஓட்டுகிறாள் என்று பதில் எழுதாதே.

உன்னை எதற்கு அனுப்பினேன் என்பது நினைவிருக்கட்டும். இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று போனவள். நாலு வருஷம் ஆகிவிட்டது. நான் கூப்பிட்டால் வரமாட்டாள், உன் முகத்தைப் பார்த்தால் வருவாள். ஜவுளிக்கடைக்காரர் தன் மூத்த பையனுக்கு அவளைக் கேட்டார், நானும் தலையாட்டிவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் பேசி முடிக்க வருகிறார்கள். வெளிநாட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். வேலையை விட்டுவிட்டு வருகிறவளிடம் எந்த வேலையை விட்டாய் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

சமையல் நானே செய்கிறேன். உன் அத்தை வந்து ருசி பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

அப்பா

பக்கத்து வீட்டு மெக்கானிக்குக்கு ஒரு சந்தேகம்: கண்டக்டர் இல்லை என்றால், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது விசில் கொடுப்பது யார்?

*

ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

மெக்கானிக் மாமாவிடம் சொல்லுங்கள்: விசில் இல்லை. அக்காவைச் சுற்றி எத்தனையோ கண்ணாடிகள் இருக்கின்றன. பின்வாசலைக் காட்டும் சின்ன டிவி ஒன்றும் உண்டு. அவள் கண் ஒரு இடத்தில் நிற்காது. பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே கழுத்து வலிக்கிறது.

தினமும் அவள் வண்டியில் போகிறேன். எனக்கும் பஸ் பாஸ் அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டாள், அதனால் நம் மானம் போகவில்லை. அவளுக்குப் பின்னால் உள்ள முதல் சீட் என்னுடையது. வீட்டில் தோசைக்கல்லைக் கூட டமார் என்று வைக்கிற அக்கா, இங்கே பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கைத்தடியோடு யாராவது நின்றால் கதவு சரியாக அவர்கள் காலடியில் வந்து நிற்கும். அவர்கள் உட்காருகிற வரைக்கும் வண்டி நகராது. பின்னால் கார்காரர்கள் ஹாரன் அடித்தால், "அடிங்கடா, அடிங்க. அது உங்க பேட்டரி" என்று தமிழில் சொல்லிவிட்டுச் சிரித்த முகமாக இருப்பாள்.

போன வாரம் விமான நிலையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியது. நிறையப் பெட்டிகள், தூங்குகிற குழந்தை. ஊருக்குள் இறங்கி வேறு பஸ் மாற வேண்டியவர்கள், எதிர்ப்பக்கம் நிற்காமல், விமான நிலையத்துக்கே திரும்பிப் போகிற எங்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்பவே சொன்னேன்ல, இது வந்த வழின்னு."

"எப்ப சொன்னீங்க? வாயில பாஸ்போர்ட்ட கவ்விட்டு நின்னீங்க."

நம் பாஷை! அக்கா அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, மீதிச் சண்டையை எதிர்ப்பக்க ஸ்டாப்ல போய்ப் போடுங்க. இந்த வண்டி மறுபடியும் ஏர்போர்ட்டுக்குத்தான் போகுது."

அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "நீயாம்மா ஓட்டுறே?" என்று கேட்டுவிட்டு, சத்தமாக அழுதேவிட்டாள். அக்கா வயர்லெஸ்ஸில் எதிரே வருகிற டிரைவருக்குச் சொன்னாள். அவர்கள் ஏறுகிற வரைக்கும் நாங்கள் நின்றோம். உள்ளே ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அக்காவுக்கு அது காதில் விழவே இல்லை.

இங்கே இறங்குகிறவர்கள் எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். சின்னப் பிள்ளைகள் கூட. உங்களுக்கு யாராவது சொன்னதுண்டா அப்பா?

நேற்றுச் சாப்பிடும்போது கேட்டுவிடலாம் என்று "அக்கா, ஊருக்கு" என்று ஆரம்பித்தேன். "என்னடி ஊருக்கு?" என்றாள். "ஊருக்குத் தபால் போடணும்" என்று முடித்துவிட்டேன்.

பூச்சி

*

ஜூலை 15

பூச்சிக்கு,

நீ பஸ்ஸைப் பற்றி எழுதியது மூன்று பக்கம். நான் சொல்லி அனுப்பியதைப் பற்றி மூன்று வரி. ஜவுளிக்கடைக்காரர் என்னைக் கடையில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "பொண்ணு எப்ப வருது?" என்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். கேட்டாயா, இல்லையா? வருவாளா, மாட்டாளா? ஒரு வார்த்தையில் எழுது.

எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. சில்லறைதான் கேட்பார்கள்.

அப்பா

அந்த மடிப்பு வண்டி வளைவில் திரும்பும்போது பின்பாதி எந்தப் பக்கம் இழுக்கும்? மெக்கானிக் தூங்காமல் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

*

ஜூலை 28

அன்புள்ள அப்பாவுக்கு,

பின்பாதி உள்பக்கமாக வெட்டும். அதனால் முதலில் அகலமாக விலகிப் போய், பிறகு திருப்ப வேண்டும். மெக்கானிக் மாமா மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது என்று அத்தை எழுதியிருக்கிறாள். பரவாயில்லை, அவர் வந்ததும் சொல்லிவிடுங்கள்.

கேட்டுவிட்டேன். வண்டியை டிப்போவில் விட்டபிறகு, யாராவது எதையாவது மறந்துவிட்டுப் போனார்களா என்று அக்கா ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்ப்பாள். நானும் மறுபக்கம் பார்த்துக்கொண்டே போனேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் வாய் வந்தது. ஜவுளிக்கடை, ஆகஸ்ட், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தாள்.

"அங்க வந்தா எனக்கு யாருடி பஸ் குடுப்பா?" என்றாள்.

நான் அடுத்த சீட்டைக் குனிந்து பார்த்தேன். அப்புறம் அவளே சொன்னாள். "அப்பா எத்தனையோ நாள் காய்ச்சலோட டூட்டிக்குப் போயிருக்கார். கால் வீங்கி வந்திருக்கார். ஒரு நாளாவது இந்த வேலை பிடிக்கலைன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா? எனக்கும் அப்படி ஒண்ணு கிடைச்சிருக்கு. அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ஆபீஸ்னு சொன்னேன்."

நீங்கள் ஒரு வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள். மாட்டாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான் இதுவரைக்கும் உங்களை எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை. அம்மா போனபிறகு ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்றீர்கள். சரி என்றேன். நேரில் நின்றால் இதையும் சொல்லியிருக்கமாட்டேன். அக்காவை இனிமேல் நான் கூப்பிடமாட்டேன் அப்பா. என்னால் முடியாது என்பதால் இல்லை. கூப்பிடக் கூடாது என்பதால். அவள் ஓட்டுவதை நீங்கள் ஒரு தடவை பார்த்திருந்தால் உங்களாலும் கூப்பிட முடியாது.

நான் மட்டும் வருகிறேன். எப்போது வர வேண்டும் என்று சொல்லுங்கள். திட்டுவதென்றால் வந்தபிறகு திட்டுங்கள்.

பூச்சி

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள பூச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. மறுநாள் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக ஜவுளிக்கடைக்குப் போனேன்.

வழக்கம்போல் டீ வந்தது. வேண்டாம் என்றேன். "பெரியவ வரமாட்டாளுங்க" என்றேன்.

"ஆபீஸ்ல லீவு தரலையா?"

"ஆபீஸ் இல்லைங்க. பஸ் ஓட்டுறா."

நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பொம்பளைப் பிள்ளை பஸ் ஓட்டுறதாவது!"

"ஒரு பஸ் இல்லை. ரெண்டு பஸ் நீளம். நடுவுல மடிப்பு. வளைவுல பின்பாதி உள்ள வெட்டும். நம்ம டிரைவர் எவனையாவது அதுல உட்காரவைங்க பார்ப்போம்."

துணி எடுக்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசியிருக்கிறேன். அவர் குரலைத் தணித்து, "அப்போ நம்ம சம்பந்தம்?" என்றார்.

"மாப்பிள்ளைத் தம்பி அங்க போய் இருக்கறதா இருந்தா நான் கேட்டுப் பார்க்கறேன்."

"அவன் அங்க போய் என்ன வேலை பார்ப்பான்?"

"பஸ் கழுவுற வேலை இருக்காம். என் பொண்ணும் அப்படித்தான் ஆரம்பிச்சா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இனி அந்தக் கடையில் எனக்குத் துணி கிடைக்காது. நீ வரும்போது எனக்கு ஒரு சட்டை வாங்கி வா.

அவசரப்பட்டு வர வேண்டாம். விசா இருக்கிறவரைக்கும் இரு. சமையல் பழகிவிட்டது. குழம்பு சரியில்லை என்று கோபித்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை என்பதுதான் கஷ்டம். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நீ எழுதியது சரி.

பெரியவளுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். நாலு வருஷமாக எழுதாதவனுக்கு "அன்புள்ள" என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. அதனால் இந்தக் கடிதம் அவளுக்கும் சேர்த்துத்தான். நீ படித்துக் காட்டாதே. அவளே படிக்கட்டும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது கொடுத்துவிடாதே. வண்டி நின்ற பிறகு கொடு.

அப்பா