பாதிக் கோடு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

ஒரு சின்ன விஷயம், பதறாதே. பாப்பாவைப் பேசவைத்து நீ பதிந்து அனுப்பிய சிடியை பிளேயரில் போட்டு, ஹெட்போனில் சத்தமாகக் கேட்டபடியே கிடங்கில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த சரக்கு வண்டியின் ஹாரன் காதில் விழவில்லை. மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஒரு பொத்தான் போனதோடு சரி.

அவரே என்னைக் கம்பெனி நர்ஸிடம் கூட்டிப்போனார். காது சோதனை வைத்தார்கள். காதில் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இருப்புக்கொள்ளாமல், சத்தம் வராதபோதும் அழுத்தினேன். வலது காது கொஞ்சம் மந்தமாம். இனி கவனமாக இருந்தால் மேலும் கெடாதாம்.

"சத்தத்தைப் பாதிக்கு மேல வெச்சு ரொம்ப நேரம் கேக்காதீங்கன்னு பிளேயரோட வந்த புத்தகத்துலயே போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார் நர்ஸ்.

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு மட்டும் பார்த்தேன் சிஸ்டர்."

சிரித்துக்கொண்டே, சத்தம் கூட்டும் சக்கரத்தில் நகப்பூச்சால் பாதியில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். நான் அதைத் தாண்டுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன், கூப்பிடாவிட்டாலும் பார்க்கிறேன்.

கோட்டுக்குள் வைத்தாலே பாப்பா பாடுவது நன்றாகக் கேட்கிறது. "அப்பாகிட்ட இன்னும் ஏதாவது சொல்லு" என்று நீ தள்ளி நின்று சொல்வதுதான் கேட்பதில்லை. அதற்காகத்தான் அவ்வளவு கூட்டி வைத்தேன். அடுத்த தடவை மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பேசு. மோட்டார் ரிப்பேரான கதையைச் சொன்னாலும் போதும்.

வேலைக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது.

உன்னவன்