கொரிபாட்டாவுக்குப் போகும் வழி

பெருநகர்,
ஆடி 9.

அன்பு மகள் இளவரசிக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரை வைத்து ஒரு ஏக்கர் மட்டும் நட்டிருக்கிறோம், சிவப்பு மாடு கிடாரி போட்டிருக்கிறது. நான் பெரு நாட்டிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது. நான் வந்துவிட்டேனா என்று போனில் அம்மாவிடம் கேட்டாயாம், என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லையாம். கோபமில்லை. எனக்கும் இதையெல்லாம் போனில் சொல்ல வராது.

முதலில் அந்தப் பேச்சை எழுதிவிடுகிறேன். போன வருஷம் தை மாதம் உன் தம்பி தினேஷ்குமார் லீவில் மலையேறப் போன இடத்தில் செத்துப்போன சேதியோடு ஞானதாஸ் போன் செய்தானே, லிமாவில் அவனோடு வேலை பார்த்த வேலூர்ப் பையன், அப்போது உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மழையில் மலை சரிந்து ரோடு போய்விட்டது, இருபது நாளைக்கு உடம்பைக் கீழே கொண்டுவர முடியாது, அந்த ஊர் ஜனங்கள் அங்கேயே அடக்கம் பண்ணட்டுமா என்று கேட்கிறார்கள், இப்பவே பதில் சொல்ல வேண்டும் என்றான். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். சரிப்பா, பண்ணச் சொல்லு என்றேன். போனை வைத்துவிட்டுப் பாலை இறக்கினேன். உன் அம்மாவிடம் அந்த ஊர் கவர்மெண்டே அடக்கம் பண்ணிவிட்டது என்று சொன்னேன். நீ பிற்பாடு ஞானதாஸிடம் விஷயம் தெரிந்துகொண்டு என்னோடு பேசுவதை விட்டாய். யாரைக் கேட்டு சரி சொன்னாய் என்று எழுதிக் கேட்டாய், யாரையும் கேட்கவில்லை.

அவனை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஞானதாஸ் அதற்கான பர்மிஷன் பேப்பர் எல்லாம் வாங்கி வைத்திருந்தான், லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். கூஸ்கோ என்கிற ஊரில் இறங்கி இரண்டு நாள் சும்மா இருந்தோம், அந்த உயரத்துக்கு உடம்பு பழக வேண்டுமாம். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அங்கிருந்து மச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறுகிறார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனோம். ரோடு முடிகிற ஊர் இச்சுபம்பா. அதற்கு மேல் நடைதான், மூன்று நாள், மூன்று ஊர். லாட்ஜ் கிடையாது. நடக்க வருகிறவர்களை முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் தங்க வைத்துச் சோறு போடுகிறார்கள், சோறு என்றால் உருளைக்கிழங்குதான், கறுப்பு, ஊதா, மஞ்சள் என்று எத்தனையோ நிறம், சிலதைப் பனியில் காய வைத்து மிதித்துக் கூழாங்கல் மாதிரி ஆக்கி வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அடுப்படியில் முயல் குட்டி மாதிரி ஒரு பிராணி ஓடிக்கொண்டிருக்கும், அதையும் வளர்த்துச் சாப்பிடுகிறார்கள், எனக்கு வேண்டாம் என்றேன். மலையை வெட்டிப் படிப்படியாக நிலம். வாய்க்கால் சுத்தமாக இருந்தது, ஒரு இடத்தில்கூடத் தூர்ந்து போகவில்லை. நம் ஏரி வாய்க்காலை நினைத்துக்கொண்டேன். மகன் செத்த ஊருக்குப் போகிறவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு போனேன் என்றால் நீ என்ன நினைப்பாயோ, ஆனால் அதுதான் நடந்தது.

முதல் ஊரில் தங்கின வீட்டில் ஒரு நோட்டு நீட்டினார்கள், வந்தவர்கள் பேர் எழுதுகிற நோட்டு. புரட்டிக்கொண்டே போனால் அவன் கையெழுத்து. இங்கிலீஷில் பேரும் ஊரும் எழுதி, கீழே தமிழில், கிழங்கு நன்றாக இருந்தது, குளிர்தான் தாங்கவில்லை என்று எழுதியிருந்தான். இரண்டு தடவை படித்தேன். ஞானதாஸ் வெளியே போய் நின்றுகொண்டான். இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமா என்று சைகையில் கேட்டேன். அது கோகா இலை போட்ட சுடுதண்ணீர், தலைப்பாரம் குறையும் என்கிறார்கள். இரண்டாம் நாள் ஒரு கணவாய் ஏறி இறங்க வேண்டும். எட்டு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன்.

மூன்றாவது ஊர்தான் கொரிபாட்டா. அவன் தங்கின வீட்டுக்காரி பேர் எவாரிஸ்தா, உன் அம்மா வயசு இருக்கும். அவள் சொல்லச் சொல்ல ஞானதாஸ் தமிழில் சொன்னான். கணவாய் இறங்கி வரும்போதே அவனுக்குத் தலைவலியும் இருமலும் இருந்ததாம். இவள், உயரம் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உடனே கீழே போய்விடு என்றாளாம். மழை விடட்டும், நாளைக்குப் போகிறேன் என்று படுத்துக்கொண்டானாம். மழை விடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் கம்பளியில் கட்டி எட்டுப் பேர் மழையிலேயே தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். வழியில் அவர்களிடம், நான் ரொம்ப கனமாக இருக்கிறேனா என்று கேட்டானாம். இரண்டாவது ஓடையைத் தாண்டும்போது உயிர் போய்விட்டது, திரும்ப ஊருக்கே தூக்கி வந்துவிட்டார்கள் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கிழங்கு உரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

மறுநாள் காலை தோண்டுவதற்கு ஆட்கள் வந்தார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினவர்கள்தான். எவாரிஸ்தா ஞானதாஸிடம், ஒருமுறை படுக்க வைத்தவரை எழுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, ஆனால் அவர் பிள்ளை, அவர் இஷ்டம் என்றாள். மண்வெட்டியை நானே வாங்கிக்கொண்டேன். முழங்கால் ஆழத்துக்கு மேல் போயிருப்பேன், கம்பளியின் மூலை தெரிந்தது, சிவப்புக் கோடு போட்ட கம்பளி. அவள் வீட்டில் முந்தின ராத்திரி நான் போர்த்திக்கொண்டு படுத்ததும் அதே கோடு போட்டதுதான். அதற்கு மேல் கை போகவில்லை. மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தேன். அங்கிள், வேணாமா என்று ஞானதாஸ் கேட்டான். போதும்ப்பா என்றேன். தோண்ட வந்தவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். பிறகு சூப் கொடுத்தார்கள், இரண்டு கிண்ணம் குடித்தேன். ஏன் நிறுத்தினேன் என்று என்னைக் கேட்காதே இளவரசி.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா நம் நிலத்தில் பாடுபடுகிற செங்கேணியை வைத்து மோட்டார் கொட்டகைப் பக்கம் குழி வெட்டி வைத்திருந்தாள். நான் வெறுங்கையோடு வந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குப் போனில் சரி சொன்னது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். உன் அம்மா அழவில்லை, திட்டவில்லை. எடத்த கண்ணால பாத்தியா என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன் என்றேன். எழுந்து நிலத்துக்குப் போய், அத்த தூத்துடு செங்கேணி, மாடு கீடு உழுந்துடப் போவுது என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று நாள் என்னிடம் பேச்சில்லை. வேளைக்குச் சோறு வைத்தாள்.

நாலாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், அந்த ஊருக்கு நடந்துதான் போவணுமா, எத்தினி நாளு ஆவும் என்று கேட்டாள். சொன்னேன். அங்கே நவம்பர் இரண்டாம் தேதி செத்தவர்களுக்குப் படைக்கிற நாள், போன வருஷம் அவனுக்கும் ரொட்டி சுட்டு வைத்ததாக எவாரிஸ்தா சொன்னாள் என்றேன். அதுக்கு நான் போறேன் என்றாள். நானே அழைத்துப் போகிறேன் என்றதற்கு, நீ வாணாம், இளவரசி வந்து இட்டுக்கினு போவட்டும் என்றுவிட்டாள். செங்கல்பட்டைத் தாண்டிப் போகாதவள் நேற்று உத்திரமேரூருக்குத் தனியாக பஸ் ஏறிப் போய் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். உன்னிடம் கேட்கக் கூச்சப்படுகிறாள், அதனால்தான் நான் வழியெல்லாம் இப்படி விலாவாரியாக எழுதியது.

கூட்டிப்போனால் கூஸ்கோவில் இரண்டு நாள் போதாது, நாலு நாள் இரு. அவளுக்கு எது வந்தாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள், நீ நர்ஸ், முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். தலைவலி என்றால் மழையோ வெயிலோ உடனே இறங்கிவிடு. அவளுக்கு ஷூ போட்டுப் பழக்கமில்லை, குதிகால் வெடிப்பு வேறு, மெத்தென்று ஒரு ஜோடி ஆறாம் நம்பரில் உன் ஊரிலேயே பார்த்து வாங்கி அனுப்பு, இப்போதிருந்தே போட்டு நடக்கட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா உன் போனுக்காக உட்கார்ந்திருப்பாள், மறக்காமல் பேசு. மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். நீ வரச் சொன்னால் வருவேன்.

இப்படிக்கு
உன் நைனா
சுப்பிரமணி