உன்னுடைய நான்கு வரிகள்

இன்று காலை மீட்டிங் அறைத் திரையில் உன் நான்கு வரி நிரலைப் பார்த்தேன். வந்திருந்த வாடிக்கையாளர்களிடம் நம் மேனேஜர், "இது என்னோட ஐடியா" என்றார். நான் எழுந்து, "இல்ல சார், இத எழுதினது அவ" என்று உன் பெயரைச் சொன்னேன். "அப்பறம் பேசலாம், உக்காருங்க" என்றார். உட்காராமல் வெளியே வந்துவிட்டேன்.

நம் ஆலையில் பல்சக்கரங்களை அளக்கும் இரண்டு கேமராக்கள். அவை அனுப்பும் அளவுகளை ஒரே பட்டியலாகச் சேர்ப்பதுதான் நம் சி பிளஸ் பிளஸ் நிரலின் வேலை. மதியத்துக்குமேல் திரை உறைந்துபோகும், உற்பத்தி லைன் நிற்கும். பழி, எல்லையோரத் தளி ஊரிலிருந்து வரும் கன்னடக்கார ஆபரேட்டர் மஞ்சுளா அக்கா மேல் விழுந்தது. கை மெதுவாம். அவரை வேலையை விட்டு நிறுத்த மெமோகூடத் தயாரானது.

நீதான் ஒரு ஷிஃப்ட் முழுக்க அவர் பக்கத்தில் நின்றாய். கன்னடத்தில் ஏதேதோ விசாரித்தாய். திரும்பி வந்து என்னிடம் கத்தினாய்: "அக்கா மேல என்னடி தப்பு? ஒவ்வொரு அளவு வரப்பவும் மொத்த லிஸ்ட்டயும் புது எடத்துக்குக் காப்பி பண்ணுதுடி நம்ம புரோகிராம்! லிஸ்ட் பெருசானா நிக்காம என்ன பண்ணும்?"

இரு கேமராக்களின் அளவுகளையும் தனித்தனியே சேரவிட்டாய். இரண்டின் நீளத்தையும் கூட்டி, அவ்வளவு இடத்தையும் முதலிலேயே ஒதுக்கி, ஒன்றின் கடைசியில் மற்றதை ஒரே தடவையில் சேர்த்தாய். நான்கே வரிகள். அதன்பின் லைன் நிற்கவில்லை. மெமோவைக் கிழித்தார்கள். மேலிடத்துக்கு மேனேஜர் தன் பெயரில் மெயில் அனுப்பினார். "மெஷின் ஓடுதில்ல, உடுடி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பின்மேலும் எனக்குக் கோபம்தான்.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். லீவு கேட்டாய். "ரிலீஸ் முடியட்டும்மா, ரெண்டே நாள்" என்றார் மேனேஜர். நீயும் தலையாட்டினாய். மாத்திரை போட்டுக்கொண்டு பாகலூர் பஸ்ஸில் இரண்டு நாளும் வந்துபோனாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்கு முற்றிவிட்டது என்றார்கள். ஒருநாள் முன்னால் கூட்டிவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையே, உன் அம்மா தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மீதுள்ள கோபத்தை எல்லார் முன்னாலும் கொட்டியாகிவிட்டது. வேலை போனால் போகட்டும். ஆனால் நீ லீவு கேட்டபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். "இவளுக்கு நெருப்பா கொதிக்குது சார்" என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்மேல் உள்ள இந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொட்ட? அது என்னிடமே இருக்கிறது. ஆற விடமாட்டேன்.